விசில் இல்லாமல் ஒரு பருவம்

சமீபத்தில் ஃபிஜியில், எங்கள் லம்பாசாவில் சிறுவர் கால்பந்துப் பயிற்சியாளர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தினார்கள். என்னையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஓய்வு பெற்றவனை முன்வரிசையில் உட்கார வைப்பது பார்ப்பதற்கு மரியாதை மாதிரி இருக்கும். நடுவில் எழுந்து போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடுதான் அது. சுவாவிலிருந்து வந்திருந்த இளைஞர் திரையில் படங்கள் காட்டினார். பிள்ளைகள் நெஞ்சில் கட்டிக்கொள்ள ஒரு கருவி வந்திருக்கிறதாம். எவன் எவ்வளவு ஓடினான், எங்கே நின்றான் என்று எல்லாவற்றையும் அது சொல்லிவிடுமாம். நன்றாகத்தான் இருந்தது. முடிக்கும்போது அவர் என் பக்கம் திரும்பி, "மாஸ்டர்ஜி, இத்தனை வருஷம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க. பயிற்சியில ரொம்ப முக்கியமானது எது?" என்று கேட்டார்.

"எல்லாப் பிள்ளைக்கும் பந்து கிடைக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

"இன்னா, யாராச்சும் திட்டிட்டாங்களா உங்கள?" என்றாள் என் மனைவி. இல்லை என்றேன். நான் சொன்ன பதில் பொய்யில்லை, ஆனால் அது பாதிதான். மீதியைச் சொல்ல அந்தக் கூட்டத்தில் எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். என் அப்பா கோயில் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். மைதானத்தில் நாங்கள் பேசியதெல்லாம் ஹிந்தி, நடுநடுவே ஃபிஜியன். இங்கே எல்லாரும் தமிழ் பேசுகிற மாதிரி எழுதியிருப்பது என் வசதிக்காகத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவக்காரன். பயிற்சி முடிந்து பிள்ளைகள் பஸ் ஏறியதும் எல்லாரும் ஏறினார்களா என்று எண்ணுவேன். பஸ் கிளம்பிய பிறகு சரியாக எண்ணினேனா என்று கவலைப்படுவேன். பந்தில் காற்று குறைவாக இருந்தாலும் கவலை, கூட இருந்தாலும் கவலை. இந்தத் தொழிலுக்கு இது குறையா நிறையா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்தபோது நான் கொஞ்சம் கால்பந்து ஆடியவன். முழங்கால் ஒருமுறை திருகிக்கொண்டதும் ஆட்டம் முடிந்தது. மாவட்டச் சிறுவர் அணிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது, போனேன். அங்கேதான் அருளப்பன் மாஸ்டரிடம் மாட்டினேன்.

அவர் வட்டுகோலாவில் பிறந்தவர். அப்பா தங்கச் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். கத்தோலிக்கர்கள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே மைதானத்துக்கு வருகிற குடும்பம். வேலை மாற்றலாகி லம்பாசா வந்து, சிறுவர் அணிகளுக்கெல்லாம் தலைமை ஏற்றிருந்தார். ஒல்லியாக, உயரமாக இருப்பார். மற்ற மேலாளர்கள் கோட்டுக்கு ஓரமாக நின்று கத்துவார்கள். இவர் கோல் கம்பத்துக்குப் பின்னால், வலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வார். அங்கிருந்து பார்த்தால்தான் பிள்ளைகளின் முகம் தெரியும் என்பார். பயிற்சி நடக்கும்போது ஒரு வார்த்தை பேச மாட்டார். முடிந்ததும் நிதானமாக நடந்து வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இன்னிக்குப் பந்தே தொடாத பையன் யாரு?"

முதல் தடவை நான், "எல்லாரும் நல்லா ஆடினாங்க சார்" என்றேன்.

"நான் அதைக் கேக்கலியே" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

அன்றிலிருந்து பயிற்சி முழுக்க அந்தக் கேள்விக்கு நான் பயந்துகொண்டே இருந்தேன். பயத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கத்தான் விஷயம் புரிந்தது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராகக் கோலுக்கு அடிக்கச் சொல்வது அப்போதைய வழக்கம். அருளப்பன் மாஸ்டர் ஒருநாள் வரிசையின் கடைசியில் நின்றவனிடம் போய், "இப்ப இன்னா நெனச்சுக்கினு இருக்க?" என்று கேட்டார். "ரொட்டி" என்றான் பையன். வரிசை அன்றோடு ஒழிந்தது. ஆளுக்கொரு பந்து, பந்து போதாத நாளில் மூன்று பேருக்கு ஒன்று, சின்னச் சின்னக் கட்டம் போட்டு சின்னச் சின்ன ஆட்டம். மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதும் நின்றது. ஓடட்டும், ஆனால் பந்தோடு ஓடட்டும் என்றார்.

திருத்துவதிலும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. "ஒரு நாளைக்கு ஒரு பையனுக்கு ஒரு திருத்தம். ரெண்டாவது சொன்னீங்கன்னா மொதல்ல சொன்னது கீழ விழுந்துடும்." தவறு நடந்தால் ஆட்டத்தை நிறுத்தி, "ஏன் அங்க கொடுத்த?" என்று கேட்கக் கூடாது. "அப்ப உனக்கு யாரு தெரிஞ்சாங்க?" என்று கேட்க வேண்டும். முதல் கேள்வி பையனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. இரண்டாவது, அவனைத் தலை நிமிர்ந்து பார்க்கச் சொல்கிறது. நான் கற்ற பாடம் பெரும்பாலும் இவ்வளவுதான். மீதியெல்லாம் திரும்பத் திரும்பச் செய்தது.

எண்பத்தேழில், இந்தியர்கள் கை ஓங்கிய அரசு என்று சொல்லி, சுவாவில் ராணுவம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தது. ரேடியோவில் கேட்டோம். கொஞ்ச நாளில், கர்த்தரின் ஓய்வுநாள் என்று ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கே தடை வந்தது. கரும்புத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைப்பதே ஞாயிறு ஒருநாள்தான். அருளப்பன் மாஸ்டர் சனிக்கிழமை சாயந்திரத்துக்கு எல்லாவற்றையும் மாற்றினார். ஒரு வெள்ளிக்கிழமை என்னோடு உட்கார்ந்து, அடுத்த மாத ஆட்டங்களுக்கு யாரை எங்கே போடலாம் என்று விலாவாரியாகப் பேசினார். திங்கட்கிழமை வலைக்குப் பின்னால் யாரும் இல்லை. குடும்பத்தோடு கனடா போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. வெள்ளிக்கிழமை அப்படிப் பேசினாரே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா! பிறகுதான் தெரிந்தது, நாட்டை விட்டுப் போகும் இந்தியர்கள் யாரும் சொல்வதில்லை. கூடப் பிறந்தவர்களிடம்கூடச் சொல்வதில்லை. சொன்னால் விசா கலைந்துவிடுமோ என்று பயம். கண் பட்டுவிடுமோ என்று பயம். வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்று பயம். சொல்லாமல் போவதே எங்கள் ஊரில் வழக்கமாகிவிட்டது. அதனால் ஊர்க்காரர்கள் அறிகுறி பார்க்கப் பழகினார்கள். நாயை யாருக்காவது கொடுத்துவிட்டால் போகப் போகிறார்கள். வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்புக் கரும்புக்கு உரம் போடாமல் விட்டால் போகப் போகிறார்கள். பிள்ளையைக் கால்பந்துக்கு அனுப்புவதை நிறுத்தினால், பெட்டி கட்டியாகிவிட்டது என்று அர்த்தம்.

பயிற்சியாளனுக்கு இது பெரிய தலைவலி. ஒரு பையனை இரண்டு வருஷம் வளர்த்து ஓர் இடத்தில் நிறுத்துவேன். ஒரு திங்கட்கிழமை அந்த இடம் காலி. திங்கட்கிழமை என்றாலே முதலில் தலைகளை எண்ணுவேன். கடைசியில் ஒரு முறை பழக்கினேன்: ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பேர், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு இடம். பக்கத்தில் ஆடுகிறவனின் வேலை இவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவன் விட்ட இடத்தை இவன் ஓடி அடைக்க வேண்டும். இப்போது இதைப் பெரிய தத்துவமாகப் பயிற்சி வகுப்பில் திரையில் காட்டுகிறார்கள். நான் செய்தது பயத்தில்.

இனி இரண்டாயிரத்துக்கு வருகிறேன். இத்தனை சுற்றி வந்ததே அதற்காகத்தான்.

அந்த வருஷம் சுவாவில் இந்திய வம்சாவளிப் பிரதமரையே நாடாளுமன்றத்துக்குள் பிணையாகப் பிடித்து வைத்தார்கள். பிறகு கலகம் எங்கள் ஊருக்கும் வந்தது. லம்பாசா ராணுவ முகாமிலேயே ஒரு கூட்டம் கிளர்ச்சி செய்து முகாமைப் பிடித்துக்கொண்டது. தள்ளியிருந்த இந்தியர் தோட்டங்களில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள், வீடுகள் மேல் கல் விழுந்தது. பள்ளிக்கூடம் மூடியிருந்தது. பிள்ளைகள் வீட்டில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து பெரியவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகலில் கொஞ்ச நேரமாவது மைதானத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டார்கள். அவர்கள் கேட்டதும் சரி என்றேன். சரி என்றதும் கவலை பிடித்துக்கொண்டது.

முதல் நாள் வழக்கம்போல விசில் ஊதிப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். ரோட்டில் போய்க்கொண்டிருந்த லாரி நின்றது. துப்பாக்கியோடு இரண்டு பேர் இறங்கி, கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள்ளேயே வந்தார்கள்.

"யார் ஊதினது?"

என் கையில் விசில் இருந்தது. எனக்கு முன்னால் செரு போய் நின்றான். செரு எங்கள் அணியின் பூர்வகுடி ஃபிஜியப் பையன், அகன்ற தோள், நடுக்களத்தில் ஆடுபவன். "எங்க மாஸ்டர். எங்களுக்குப் பந்து சொல்லித் தர்றார்" என்று அவர்கள் மொழியில் சொன்னான். அவர்களில் ஒருவனுக்கு அவனை அடையாளம் தெரிந்தது. செருவின் மாமா அப்போது அந்த முகாமுக்குள் இருந்தார், கிளர்ச்சிக்காரர்களோடு. அந்த ஆள் செருவின் தலையைத் தடவிவிட்டு என்னிடம், "விசில் ஊதினா ஆள் சேருது. இனிமே ஊதாதீங்க" என்றான். லாரி போய்விட்டது.

செரு இல்லாவிட்டால் அன்று என்ன ஆகியிருக்குமோ. ஆனால் சாயந்திரம் ஊரில் பரவிய பேச்சு வேறு மாதிரி இருந்தது. செருவின் மாமா அவர்களில் ஒருவர் என்பதுதான் பேச்சு.

விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டேன். கத்தவும் பயம். கையாலேயே பயிற்சி நடத்தினேன். உள்ளங்கையை முன்னால் விரித்தால், நில், விட்டுப் பிடி. முஷ்டி மடக்கினால், போ, பந்தைப் பறி. கையை வீசினால், மறுபக்கம் மாற்று. தலைமேல் கை வைத்தால், பின்னால் பார். முதல் சில நாள் ஒரே கூத்து. ஒருவன் மேல் ஒருவன் மோதினான். பிறகு ஒன்று நடந்தது. என் கையைப் பார்ப்பதற்காகப் பிள்ளைகள் தலையைத் தூக்க ஆரம்பித்தார்கள். தலையைத் தூக்கியவனுக்குக் கூட ஆடுகிறவனும் தெரிந்தான். நான் வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியும் வராத பழக்கம், வாயை மூடியதும் வந்தது. ஹிந்தி பேசும் பையனுக்கும் ஃபிஜியன் பேசும் பையனுக்கும் ஒரே கை போதுமானதாக இருந்தது.

இந்த அணியில் செருவுக்குப் பக்கத்தில் ஆடியவன் அவினேஷ். கரும்பு விவசாயி சின்னசாமியின் மகன். குச்சிக் கால், ஆனால் எதிராளி காலிலிருந்து பந்தைப் பறிக்கும் டேக்கிளுக்குப் போனால் பந்து இவனிடம்தான் இருக்கும். அப்படிப்பட்டவன் திடீரென்று பின்வாங்க ஆரம்பித்தான். பந்து இருவருக்கும் நடுவில் கிடக்கும், எதிராளி வருவான், இவன் கடைசி அடியை வைக்க மாட்டான்.

பயந்துவிட்ட பையனுக்கு டேக்கிள் கற்றுத்தர ஒரு முறை உண்டு. ஓடவிடக் கூடாது. நின்ற பந்து, இரண்டு பக்கமும் இரண்டு பேர், நடந்து வர வேண்டும். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில். முழங்கால் கொஞ்சம் மடங்க வேண்டும். உள்பாதம் முழுசாகப் பந்தின் நடுவில் பட வேண்டும், உடம்பின் பாரம் பந்துக்கு மேலே இருக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் வைத்தால் யாருக்கும் வலிக்காது. அவினேஷையும் செருவையும் எதிரெதிரே நிறுத்தி நடக்க வைத்தேன்.

"பாதி மனசோட போறவனுக்குத்தாண்டா அடிபடும்" என்றேன்.

"தெரியும் மாஸ்டர்ஜி" என்றான் அவினேஷ். முகம் வெளுத்திருந்தது. அடுத்த முறையும் காலை இழுத்துக்கொண்டான்.

செருவைத் தனியாகக் கூப்பிட்டு, அவனுக்கு என்ன என்று விசாரித்தேன். "தெரியல மாஸ்டர்ஜி. கொஞ்ச நாளா பாலத்துலேர்ந்து ஆத்துல குதிக்கக்கூட வரமாட்டேங்குறான். மரம் ஏறமாட்டேங்குறான். கெழவன் மாதிரி நடக்குறான்" என்றான். நண்பனைப் பற்றி வருத்தத்தோடுதான் சொன்னான்.

ஒருநாள் பயிற்சி முடிந்து குழாயடியில் பந்துகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். சின்னசாமி வந்து நின்றார். பிள்ளைகள் சுற்றிலும் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் தமிழில் ஆரம்பித்தார். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குப் புரியக் கூடாத சங்கதி என்றால் பெரியவர்கள் தமிழுக்குப் போய்விடுவோம்.

"மாஸ்டர், ஒரு சேதி. பசங்க கீறாங்க, தமிழ்லயே சொல்றேன். எங்களுக்குப் பேப்பர் வந்துடுச்சு. நியூசிலாந்து. சுவாவுல மெடிக்கல் பாக்கணும்."

"நல்ல சேதிதானே."

"அப்பா அம்மாவோட பேப்பர்ல சேத்துக்கற வயசு பெரிய பொண்ணுக்குத் தாண்டப் போவுது மாஸ்டர். இந்த மெடிக்கல் தள்ளிப்போச்சுன்னா அவ பேரை எடுத்துடுவாங்க. நாங்கல்லாம் போயி, அவளை மட்டும் இங்க உட்டுட்டு... இந்த நெலமையில? நீங்களே சொல்லுங்க."

ஒருவர் கால் உடைந்து கட்டோடு படுத்தால் எல்லாருடைய தேதியும் தள்ளிப்போகும் என்று அவர் நம்பினார். அது சரியான கணக்கா என்று எனக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தபோது வாதம் செய்யத் தோன்றவில்லை.

"அப்படின்னா பையனை நிறுத்திடுங்களேன்" என்றேன்.

"நிறுத்தினா ஊருக்கே தெரிஞ்சுடாதா? கரும்பு இன்னும் வெட்டல. மேட்டு வீட்டுக்காரங்க கெளம்புறது தெரிஞ்சு, அவங்க ஏர்போர்ட் போய்ச் சேர்றதுக்குள்ள கூரைத் தகடு போச்சு, கதவு போச்சு. எனக்கு வயசுப் பொண்ணு வூட்டுல கீது மாஸ்டர். அவன் டீம்ல இருக்கணும். ஆனா ஆடக்கூடாது. சரியா ஆடலன்னு சொல்லி நீங்களே உக்கார வெச்சிடுங்க."

"அவனுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியும். உன் கால்லதான்டா நாம எல்லாரும் நிக்கிறோம்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அந்தக் குச்சிக் காலில் ஒரு குடும்பத்தையே ஏற்றி வைத்திருக்கிறார்கள். பிறகு அந்தக் காலால் டேக்கிள் போடு என்று நான் வேறு விரட்டிக்கொண்டிருந்தேன்.

"செருகிட்ட மட்டுமாச்சும் சொல்லட்டுமா? பக்கத்துல ஆடுறவன். இவனைப் பாத்துக்குவான்" என்று கேட்டேன்.

சின்னசாமி குரலை இன்னும் தாழ்த்தினார். "அவன் மாமன் எங்க கீறான்னு உங்களுக்குத் தெரியாதா?"

செரு இரண்டு அடி தள்ளி, குழாயில் தலையை நீட்டித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். எங்கள் பேச்சு அவனுக்கு ஒரு வார்த்தை புரியாது. நிமிர்ந்து சின்னசாமியைப் பார்த்து, "புலா, அங்கிள்" என்று வணக்கம் சொன்னான். சின்னசாமியும் சிரித்தபடி "புலா" என்றார். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வாக்குக் கொடுத்தேனே தவிர, என்ன செய்வது என்று தெரியவில்லை. அணியின் நல்ல ஆட்டக்காரனை உட்கார வைத்தால் ஊர் சும்மா இருக்குமா? காரணம் தேடும், தேடினால் கண்டுபிடிக்கும். அதோடு, பிள்ளையை உட்கார வைத்தால் அவன் மனசு என்ன ஆகும்? இரண்டு நாள் இதையே போட்டு உழப்பினேன். கடைசியில், எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்திலிருந்து வழி கிடைத்தது. பயந்தவன் சும்மா இருக்க மாட்டான். எங்கேயிருந்து என்ன வரும் என்று பார்த்துக்கொண்டே இருப்பான். வாழ்நாள் முழுக்க நான் செய்வது அதுதானே! பயத்தைப் போகச் சொல்லி விரட்டுவதை விட்டு, அதற்கு ஒரு வேலை கொடுத்தால் என்ன?

அவினேஷைப் பின்னால் கொண்டுபோய்க் கடைசித் தடுப்பு ஆளாக நிறுத்தினேன். "நீ யார் காலுலேர்ந்தும் பந்தைப் பறிக்க வேணாம். பந்து வர்ற எடத்துல முன்னாடியே போய் நில்லு" என்றேன். பயிற்சியில் அவனை நடக்க மட்டும் விட்டேன். மற்றவர்கள் பாஸ் கொடுப்பதற்கு முன்னால், அது எங்கே போகும் என்று அவன் விரலால் காட்ட வேண்டும். முதலில் தப்பாகக் காட்டினான். கொடுப்பவனின் பாதத்தைப் பார்க்காதே, இடுப்பைப் பார் என்று ஒரே ஒரு திருத்தம் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் காட்டிய இடத்துக்கே பந்து வந்தது. அப்புறம் விரலை மடக்கி, காலால் போய் நிற்கச் சொன்னேன். யாரையும் உரசாமல், வியர்வைகூட அதிகம் இல்லாமல், பந்தை எடுத்துச் செருவிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்வான். நொடிக்கொரு தரம் தோளுக்குப் பின்னால் பார்ப்பான். நொடிக்கொரு தரம் என் கையைப் பார்ப்பான். நான் பயிற்சி கொடுத்த பிள்ளைகளில் ஆட்டத்தை இவ்வளவு முன்கூட்டிப் படித்தவன் வேறு யாருமில்லை. அந்தச் சந்தோஷத்தைக்கூட என்னால் முழுசாக அனுபவிக்க முடியவில்லை. அவன் ஒவ்வொரு முறை விழும்போதும் முதலில் அவன் காலைத்தான் பார்த்தேன்.

முகாமில் கலகம் அடங்கியது. பள்ளி திறந்தது. தள்ளிப்போட்டிருந்த சிறுவர் போட்டிகளை அவசரமாக நடத்தி முடித்தார்கள். நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். சின்னசாமி குடும்பம் சுவாவுக்குப் போக வேண்டிய வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை அது. மைதானம் நிறைந்த கூட்டம். நல்ல செய்தியே இல்லாத வருஷத்தில் ஊருக்கு இது ஒன்றாவது கிடைக்கட்டும் என்று எல்லாரும் வந்திருந்தார்கள். சின்னசாமி வேலியோரம் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோலில் நின்றது. அவினேஷ் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தான். இன்னும் சில நிமிஷம்தான். செரு பந்தை எடுத்துக்கொண்டு வலது ஓரமாக முன்னால் போனான், இழந்தான். எதிரணியின் முன்களப் பையன், வயசுக்கு மீறிய உடம்பு, பந்தோடு நேராக எங்கள் கோலை நோக்கி வந்தான். நடுவில் அவினேஷ் மட்டும். இப்போது படிப்பதற்கு ஒன்றுமில்லை. பந்து எங்கே வரும் என்று எல்லாருக்கும் தெரியும். காலை வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவன் என்னைப் பார்த்தான். பழக்கம். தலையைத் தூக்கி என் கையைப் பார்த்தான்.

அணியே எதிர்பார்த்தது முஷ்டியை. நான் உள்ளங்கையை விரித்தேன். நில்.

அவன் நின்றான். பின்னால் நகர்ந்து நகர்ந்து, வழியை மட்டும் மறைத்தான், கால் வைக்கவில்லை. அந்தப் பெரிய பையன் நிதானமாகக் குறி பார்த்து அடித்தான். கோல்.

ஆட்டம் முடிந்ததும் செரு அவன் சட்டையைப் பிடித்தான். "ஏன் போகல? கைக்கெட்டுற தூரம்! ஏன் போகல?" கூட்டத்திலிருந்து "பயந்தாங்கொள்ளி" என்று யாரோ கத்தினார்கள், பலர் சிரித்தார்கள். நான் இருவரையும் விலக்கிவிட்டேன். எல்லாரும் கேட்கும்படி உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. சொல்ல முடியாது. என் கைதான் சொன்னது என்றாவது சொல்லலாமென்றால், ஏன் என்று கேட்பார்கள்.

அப்போது சின்னசாமி வேலியைத் தாண்டி வந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மற்ற அப்பாக்களைப் போல அவரும் ஏதாவது செய்தாக வேண்டும். சும்மா நின்றால் சந்தேகம். மகனுக்கு முன்னால் நின்று, எல்லாருக்கும் புரிகிற ஹிந்தியில் உரக்கக் கத்தினார். "ஒரு கால் வைக்கத் துப்பில்ல! ஆம்பளப் பையனாடா நீ? என் மானத்தை வாங்கிட்டியே!" குரல் சரியாக இருந்தது. ஆனால் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தோல்வியின் வருத்தம் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அவினேஷ் அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்து நின்றான். அழவில்லை. அந்த வயசில் நானாக இருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

அடுத்த வாரமே பரிசோதனை முடிந்தது. கரும்பு வெட்டியதும் அவர்கள் போய்விட்டார்கள், மூத்த பெண்ணும் கூடவே போனாள். அதுவரை அவினேஷ் தினமும் பயிற்சிக்கு வந்தான். அவனோடு யாரும் பேசவில்லை. பாஸ் கொடுப்பதைக்கூடத் தவிர்த்தார்கள். செரு மட்டுமாவது பேசியிருந்தால் அவன் ஏதாவது சொல்லியிருப்பானோ என்னவோ. இருவரும் அருகருகே நின்று வாயைத் திறக்காமல் ஆடினார்கள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை அவினேஷ் வரவில்லை. எண்ணிப் பார்த்தேன், ஒரு தலை குறைந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பார்க்கும்போதே அந்தக் கடைசி நிமிஷம் ஒவ்வொருவன் மனசிலும் திரும்ப ஓடுவது எனக்குத் தெரிந்தது.

செரு கடைசியாக வந்தான். கையில் அவினேஷின் பூட்ஸ். விடிந்ததும் செரு வீட்டு வேலியில் தொங்கிக்கொண்டிருந்ததாம். அதை மடியில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தான். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு உங்க கையை நானும் பார்த்தேன்" என்றான். "உங்களுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு நெனச்சேன்."

"உங்களுக்குத் தெரியும். அங்கிளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்." பூட்ஸ் கயிற்றை முறுக்கினான். பிறகு என்னைப் பார்த்தான். "என்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா, நான் முன்னால ஓடியிருக்கவே மாட்டேன். அவன் பக்கத்துலயே நின்னிருப்பேன். அவனுக்குப் பதிலா நான் காலை வெச்சிருப்பேனே, மாஸ்டர்ஜி."